பழைய ட்ரைவில் இருந்த வீடு

கடைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

முதலாளி தொலைபேசியில் அழைத்து, "புதுப் பிள்ளைகளுக்கு உங்கட அனுபவத்தில இருந்து கொஞ்சம் எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி, இப்போது நீங்கள் நிற்கும் அதே கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். ஓய்வுபெற்று ஒன்றரை வருடமாகிறது. இந்த ஒன்றரை வருடத்தில் என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரே ஆள் என் மனைவி. அதுவும் சந்தையில் முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று. ஆகவே முதலாளி கேட்டதும் சந்தோஷத்தில் ஓம் என்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், நான் சாதித்தது என்று சொல்ல அரைப்பக்கத்துக்கும் காணாது. பிழைவிட்டது என்றால் தாராளமாக இருக்கிறது. அதில் ஆகப் பெரியதை எழுதுகிறேன்.

கேம் விளையாடும் கணினிக்கு எந்த எஸ்.எஸ்.டி. போடுவது என்று யார் வந்து கேட்டாலும் மற்றவர்கள் என் பக்கம் கையைக் காட்டுவார்கள். தட்டுச் சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் தொடங்கியவன் நான். சுழல்வதற்கு ஒன்றுமே இல்லாத, வெறும் சில்லுகளால் ஆன எஸ்.எஸ்.டி. வந்தபோது அதன் பெட்டியில் அச்சடித்திருந்த வேக எண்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். எண்ணைச் சொன்னால் வாடிக்கையாளரின் கண் விரியும். விரிந்த கண்ணைப் பார்த்து எனக்கும் நெஞ்சு விரியும். இப்படியே பல வருடம் ஓடியது.

ஒரு விஷயத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் நான் ஒரு கேம்கூட விளையாடியதில்லை. முகத்துவாரத்தில் மீன் விற்றவன் மீனே வாயில் வைக்காத ஆள் என்றால் எப்படி இருக்கும், அப்படித்தான் என் கதை.

கொலன்னாவையிலிருந்து வந்த ஒரு பொடியனுக்கு அப்போது ஆகப் புதிதாக வந்திருந்த தலைமுறை ட்ரைவ் ஒன்றை விற்றேன். அவனுடைய மதர்போர்டில் இருந்ததோ அதற்கு முந்திய தலைமுறை ஸ்லொட். ட்ரைவ் பாதி வேகத்துக்கு மேல் போகவே வழியில்லை. காலை எட்டு மணி நெரிசலில் காலி வீதியில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்கிக் கொடுத்த மாதிரி. அவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் திரும்பி வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே திருந்தியிருப்பேன்.

பின்னறையில் பழுதுபார்க்கும் மேசையில் இருந்தவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எழுதினால் கூச்சப்படுவார். இரத்மலானையிலிருந்து காலை ரயிலில் வருகிற சிங்களவர். எங்களோடு இருந்து தமிழ் பழகியவர், ஆனாலும் பேச்சின் முடிவில் சிங்கள 'நே' ஒன்று ஒட்டிக்கொள்ளும். என்னைவிட ஆறேழு வயது இளையவர், என்னை அய்யே, அதாவது அண்ணன், என்பார். எந்தப் பெட்டியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாலும் திருகாணியைக் கழற்ற முன் இரண்டே கேள்வி கேட்பார். "யார்ட பெட்டி? அவங்க இதில என்ன செய்யுறது?" எனக்கு எரிச்சல் வரும். பழுது பார்க்கச் சொன்னால் குடும்ப வரலாறு கேட்கிறாரே என்று நானே அவரை எத்தனையோ முறை நக்கலடித்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். படுக்கை விரிப்பில் சுற்றிய கணினிப் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தாள். பெயர் ஜெசிந்தா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், அன்றைக்குப் பள்ளிக்கூட விடுமுறை.

"அங்கிள், ட்ரைவ் நிறைஞ்சிட்டுது. பெரிசா ஒண்டு போடோணும்."

முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் நரைக்கு மை பூசியிருந்தேன். அங்கிள் என்றது கொஞ்சம் சுட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "மகனுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள், எனக்கு. நானும் அவரும் விளையாடுறது. வீடு கட்டுற கேம்."

நான் சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. ஆனால் பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கு முகம் வாசிக்கத் தெரியும். அவள் அதைப் பெரிதுபடுத்தாமல் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த ட்ரைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது நல்ல ட்ரைவ். பிரபலமில்லாத, அடக்கமான வேகம் உள்ள, இடம் கூடிய ஒன்று. அவளுக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்த ஆக வேகமானதை எடுத்து, பெட்டியைத் திருப்பி, எண்ணைப் படித்துக் காட்டினேன். இடமோ அவள் பார்த்ததில் பாதிதான்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இதைப் போட்டா கேம் கெதியா ஓடுமா, இல்லாட்டிக் கெதியாத் திறக்குமா?"

பிள்ளைகளே, என் சேவைக் காலம் முழுவதிலும் இந்தக் கேள்வியை இவ்வளவு சரியாகக் கேட்டவர் வேறெவரும் இல்லை. பதிலும் சின்னது. கெதியாகத் திறக்கும். திறந்த பிறகு ஓடுவது பெரும்பாலும் மற்ற உறுப்புகளின் வேலை. அதனால் நடுத்தரமான ட்ரைவ் போதும், மிச்சத்துக்கு இடத்தைக் கூட்டி வாங்குங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சொன்னது: "எல்லாமே பறக்கும், தங்கச்சி."

பழைய ட்ரைவைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் அப்போது எங்கள் கடையில் இருந்தது. அவள் சரி என்றாள். பின்னறைக்காரர் தலையை நீட்டி, "அய்யே, இதைக் க்ளோன் பண்ணுவமா? ஒரு மணித்தியாலம்தான்" என்றார். க்ளோன் என்றால் பழையதில் இருப்பதை ஒன்றும் விடாமல் அப்படியே புதியதில் பிரதியெடுப்பது. நான் பெரிய மனிதனாகக் கையை அசைத்தேன்.

"பழைய குப்பையைப் புது வீட்டுக்குக் கொண்டுபோறதோ? சுத்தமாப் புதுசாப் போடுவம்."

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நீங்களும் இந்நேரம் பழகியிருப்பீர்கள். புதிதாக விண்டோஸ் போடும்போது வாடிக்கையாளரின் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், படங்கள் ஆகிய மூன்றையும் எடுத்து வைப்போம். அதை எடுத்துவிட்டால் எல்லாம் எடுத்தாயிற்று என்பது எங்கள் கணக்கு. அவள் "எல்லாம் வந்திட்டுதா?" என்று கேட்டாள். "எல்லாம் வந்திட்டுது" என்றேன். பிறகு, அவளுடைய படங்கள் வேறு ஆட்கள் கையில் போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், பழைய ட்ரைவை அவள் கண் முன்னாலேயே முழுதாக அழித்துக் காட்டினேன். ஒரு நிமிடமும் எடுக்கவில்லை. "பார்த்தீங்களோ, ஒண்டும் மிஞ்சாது" என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். அவள் நன்றி சொல்லிவிட்டு, பெட்டியை மறுபடியும் விரிப்பில் சுற்றிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிபோல் தொலைபேசி வந்தது.

"அங்கிள், கேமைத் திரும்ப டவுன்லோட் பண்ண மூண்டு நாள் பிடிச்சுது. இப்பத்தான் திறந்து பார்க்கிறன். எங்கட வீட்டைக் காணேல்ல. எங்க அங்கிள் வச்சிருக்கிறீங்க?"

குரலில் பதற்றம் இல்லை. எங்கோ ஒரு போல்டருக்குள் வைத்துவிட்டு நான் சொல்ல மறந்துவிட்டேன் என்றே அவள் நினைத்திருந்தாள். டெஸ்க்டொப்பில் பாருங்கோ, டொக்கியுமென்ட்ஸில் பாருங்கோ என்று நானும் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். "போனை வையுங்கோ, திருப்பி எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன்.

அந்தக் கேம் தன் உலகத்தைச் சேமிப்பது டொக்கியுமென்ட்ஸில் அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருக்கும் வேறொரு போல்டரில். கேம் கணினி விற்பதில் கைதேர்ந்தவன் என்று பெயர் எடுத்த எனக்கு அது தெரியாது. ஒரு நாளாவது விளையாடியிருந்தால் தெரிந்திருக்கும்.

பழைய ட்ரைவ் கண்ணாடி அலுமாரியில், பாவித்தது என்ற ஒட்டுத்தாளோடு கிடந்தது. பின்னறைக்காரர் அதை மாட்டிப் பார்த்தார். இரண்டு மென்பொருளை ஓடவிட்டார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளினார்.

"ஹார்ட் டிஸ்க் எண்டா தேடலாம் அய்யே. அழிச்சாலும் சாமான் உள்ளுக்கு இருக்கும். இது எஸ்.எஸ்.டி. அழி எண்டு சொன்னா உண்மையா அழிச்சிடும். இது வராது நே."

நான் மறுபடியும் தொலைபேசியை எடுத்தேன். அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

"தங்கச்சி, உங்கட பழைய ட்ரைவில முந்தியே ஒரு பழுது இருந்திருக்குப் போல. அந்தப் பகுதி வாசிக்கேலாமப் போட்டுது."

எங்கள் தொழிலில் இதைவிட இலகுவான பொய் கிடையாது. ட்ரைவ் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை. வாடிக்கையாளர் உள்ளே பார்க்கப் போவதில்லை. அவள் கோபப்படுவாள், கத்துவாள், நான் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்து ஏதாவது கழிவு கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப என்ர பிழைதானே அங்கிள்? நிறைஞ்சிட்டுது எண்டு நாலு மாசமாக் காட்டிக்கொண்டிருந்தது. அவரும் மாத்து மாத்து எண்டு சொன்னவர். நான்தான் தள்ளிப் போட்டனான்."

அவளே தொடர்ந்தாள்:

"கல்யாணம் முடிச்சு இருபத்தொரு நாளில அவர் டோஹாவுக்குப் போயிட்டார். ஆறு வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவார். வந்தாலும் அம்மா வீடு, மாமி வீடு எண்டு மாறி மாறி ஓடுறதுதான். நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்த வீடு அது ஒண்டுதான் அங்கிள். அவர் அங்க காத்துக்கொண்டு நிக்கிறார். கரன்ட் போயிட்டுது எண்டு மெசேஜ் போட்டிருக்கிறன். எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்ல" என்றாள்.

அழைப்பு முடிந்த பிறகும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். பொய் அச்சொட்டாக வேலை செய்துவிட்டது. யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை. எனக்கு அவ்வளவு வெட்கமாக வேறெப்போதும் இருந்ததில்லை.

பின்னறைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உபதேசம் செய்கிற ஆள் இல்லை அவர். ட்ரைவைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அய்யே, வீடு போனது வேற கதை. அது திருப்பி வராது. ஆனா அவ இப்ப தன்ர பிழை எண்டு நினைச்சிட்டு இருக்கிறா. அதை எடுக்கலாம் நே. போன்ல இல்ல. போய் எடுங்க."

அன்றைக்கு முதலாளி கடையில் இல்லை. கவுண்டரைப் பின்னறைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓட்டோ பிடித்தேன். போகிற போக்கில் அலுமாரியிலிருந்து ஏழு நிறத்தில் மினுங்கும் கேமிங் மவுஸ் ஒன்றை என் கணக்கில் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வீடிழந்த மனிதர்களுக்கு மவுஸ் கொண்டுபோகும் அளவுக்குத்தான் என் மூளை வேலை செய்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். கொள்ளுப்பிட்டி வரை உண்மையைச் சொல்வது என்று இருந்தேன். கோட்டையில் பாதி உண்மை போதும் என்று தோன்றியது. கொட்டாஞ்சேனையில் இறங்கியபோது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஓட்டோக்காரர் சரியாகப் படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துத் திகைத்துப் போனாள். அழுதிருந்தாள். அவளுடைய அம்மா கதிரை எடுத்துப் போட்டுத் தேநீருக்கு அடுப்பு மூட்டினார். அதை வேறு தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"ட்ரைவில பழுது ஒண்டும் இல்ல தங்கச்சி. நல்ல ட்ரைவ். நான்தான் ஒழுங்காப் பார்க்காம அழிச்சனான். க்ளோன் பண்ணுவம் எண்டு சொன்ன ஆளையும் நான்தான் தடுத்தனான். போன்ல சொன்னது பொய். உங்களில ஒரு பிழையும் இல்ல."

மவுஸை எடுத்து மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான செயல் என்று எனக்கே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசினால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் கணினியில் கணவரை அழைத்துவிட்டு, முன்னால் இருந்த கதிரையைக் காட்டி, காதில் மாட்டும் கருவியை எடுத்து நீட்டினாள். "அவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். நீங்களே சொல்லுங்க அங்கிள்."

மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் குரல், "கரன்ட் வந்திட்டுதா ஜெசி?" என்றது. அவர் பெயர் அன்ரன். டோஹாவில் லிஃப்ட் பராமரிக்கும் வேலை, வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. அங்கே தன் மடிக்கணினியைத் திறந்து, இங்கே இவளுடைய கணினியில் இருக்கும் உலகத்துக்குள் வந்து சேர்வாராம். உலகம் இருந்தது இந்தக் கணினியில் மட்டும்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கத்தில் குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு அவர் கேட்டார்: "அங்கிள், நீங்க கேம் விளையாடுவீங்களா?"

"இல்ல தம்பி."

"எத்தினை வருசமா இந்தச் சாமான் விக்கிறீங்க?"

சொன்னேன்.

"ஒருக்காக்கூட விளையாடேல்லையா?"

"ஒருக்காக்கூட இல்ல."

"சரி. அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாங்க. நாங்க திரும்பக் கட்டப் போறம். அத்திவாரத்துக்கு மண் வெட்ட ஆள் வேணும்."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரு கொப்பியை எடுத்து என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையிலேயே அவளுடைய ட்ரைவை மாற்றி, அவள் முதலில் பார்த்த அந்த அடக்கமான பெரிய ட்ரைவைப் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை க்ளோன். ஒரு மணித்தியாலமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னறைக்காரர் எனக்கும் சேர்த்து ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, வாடிக்கையாளரைக் கவர்வதற்காக வாசலில் வைத்திருந்த கணினியில் உட்கார்ந்தேன். நல்ல காலத்துக்கு ஜெசிந்தா தன் தொலைபேசியில் பழைய வீட்டின் படங்கள் நிறைய வைத்திருந்தாள். ஒரு சுவர் எழும்பினாலும் படமெடுத்து அன்ரனுக்கு அனுப்புகிற பழக்கம். அந்தப் படங்களைப் பார்த்து அவர்கள் இருவரும் கட்டினார்கள். நான் மண் வெட்டினேன்.

என் திறமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் வெட்டிய குழிக்குள் நானே விழுந்து, ஏறத் தெரியாமல் முக்கால் மணித்தியாலம் உள்ளேயே நின்றேன். இரண்டாம் வாரம் வெளிச்சத்துக்காகக் கொளுத்தி வைத்த நெருப்பு மரக்கூரையில் பிடித்து முன்னறை முழுதும் எரிந்தது. அதே வீட்டை நான் இரண்டாம் முறையும் அழித்தேன் என்று இன்றைக்கும் அன்ரன் சொல்லிக் காட்டுவார். "அங்கிள், அது சுவர், அதை வெட்டாதீங்க" என்று ஜெசிந்தா பாலர் வகுப்புக் குரலில் சொல்லும்போது, எனக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். கேம் கணினிக்கு இவரிடம் ஆலோசனை கேளுங்கள் என்று அதுவரை கையைக் காட்டியவர்கள் என் பக்கம் திரும்பாமல் விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் குசினியை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. பழைய படத்தில் கிழக்குப் பக்கம் இருந்தது. அவள் இந்த முறை ஜன்னல் கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். காற்று அடுப்பை அணைக்கும் என்றார் அவர். கேமில் ஏது காற்று என்றாள் இவள். "நீ எப்பவும் இப்பிடித்தான்" என்று அவர் தொடங்க, "நீங்க இங்க இருந்திருந்தாத் தெரியும் நான் எப்பிடி எண்டு" என்று அவள் சொல்லிவிட்டாள். நான் மண்வெட்டியும் கையுமாக நடுவில் நின்றேன். அது ஒரு குடும்பம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏன் அப்படி வந்தாள் என்பதும். மெதுவாகக் காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெளியே வந்து காலி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் கழித்து உள்ளே போனபோது குசினி கடலைப் பார்த்து நின்றது. அடுப்புக்கு மூன்று பக்கமும் சுவர் இருந்தது.

வீடு முடிய ஏழு மாதம் பிடித்தது. முடிந்த பிறகும் என்னைப் போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அன்ரன் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். கொலன்னாவையில் ஒரு வீட்டோடு ஒட்டிய சின்ன அனெக்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் ஆவலாக, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஜெசிந்தா கணவனைப் பார்த்தாள்.

"நாங்க இப்ப அங்க போறதில்ல அங்கிள். சண்டை பிடிக்க உண்மையான குசினி ஒண்டு இருக்கு."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முகம் விழுந்திருக்க வேண்டும். அன்ரன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் ட்ரைவை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அந்த உலகத்தின் பிரதி. "ஆள் இல்லாட்டி வீடு பாழாப் போகும் அங்கிள். நீங்க பார்த்துக்கொள்ளுங்க" என்றார்.

அதை இப்போது மூன்று இடத்தில் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போவேன். பின்பக்கம் ஒரு கிணறு வெட்டி முடித்தேன். இப்போது கடலுக்கு இறங்கப் படிக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒரு கூரையை எரித்து எட்டு மாதம் இருக்கும். மனைவிக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளங்கவில்லை. விளக்கவும் என்னால் முடியவில்லை.

உங்களுக்கு இவ்வளவும் எழுதக் காரணம் இருக்கிறது. என் கணினியில் ட்ரைவ் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வருவேன். மை பூசுவதையும் விட்டுவிட்டேன், அங்கிள் என்று தாராளமாகக் கூப்பிடலாம். வேக எண்ணைப் படித்துக் காட்டாதீர்கள், எனக்கு மனப்பாடம். சுத்தமாகப் புதிதாகப் போடுவோம் என்றும் சொல்லாதீர்கள். பின்னறைக்காரர் கேட்கிற மாதிரி, பழையதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கேட்டால் சொல்வேன். ஒரு வீடு இருக்கிறது. கட்டினவர்கள் கொலன்னாவையில் இருக்கிறார்கள். மண் வெட்டினது நான்.